பாதுகாப்புத் தணிக்கையில் காவல் துறை கேமராவை விட்டுவிட்டுக் கார் நிறுத்தத்தை ஏன் கேட்கிறது?

கேள்வி

பொதுமக்கள் நாள்தோறும் மனுக்களோடு வந்து செல்லும் ஓர் அரசுக் கட்டடத்தின் நிர்வாகப் பிரிவில் பணிபுரிகிறேன். அண்மையில் காவல் துறையினர் எங்கள் வளாகத்தைப் பார்வையிட்டுப் பாதுகாப்புத் தணிக்கை அறிக்கை ஒன்றை அளித்தனர். கூடுதல் கேமராக்களும் துப்பாக்கி ஏந்திய காவலர்களும் வேண்டும் என்று எழுதுவார்கள் என்றே நாங்கள் எதிர்பார்த்திருந்தோம். அறிக்கையின் முதல் பக்கத்திலோ, முகப்புச் சுவரை ஒட்டி அதிகாரிகளின் கார்கள் நிற்கும் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்றும், ஊழியர்கள் மட்டும் பயன்படுத்தும் பின்வாசலை மூட வேண்டும், இயலாவிட்டால் முன்வாசலில் நடக்கும் அதே சோதனை அங்கும் நடக்க வேண்டும் என்றும் இரண்டு பரிந்துரைகள்தாம் இருந்தன. கேமராக்களைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி மட்டுமே இருந்தது.

இவ்விரண்டுக்கும் அலுவலகத்தில் கடும் எதிர்ப்பு. "இத்தனை ஆண்டுகளாக ஒன்றும் நடக்கவில்லையே" என்பவர்கள் ஒருபுறம், "சொந்த ஊழியரையே சந்தேகிப்பதா" என்பவர்கள் மறுபுறம். பரிந்துரைகளை ஆராயும் குழுவில் நானும் இருப்பதால் கேட்கிறேன். ஓர் அரசுக் கட்டடத்தைக் காவல் துறை எந்தக் கண்ணோடு பார்க்கிறது, எதை முதலில் வைக்கிறது, அதற்கு என்ன காரணம்? மக்கள் தடையின்றி வந்து போக வேண்டிய ஓர் இடத்தைக் கோட்டையாக்காமல் காக்க முடியுமா? இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் (ஓய்வுபெற்ற காவல் அதிகாரி)

உங்கள் அறிக்கையை எழுதியவர் வேலை தெரிந்தவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டடத்தைத் தணிக்கை செய்யப் போகும் அதிகாரி நேராக வாசலுக்குப் போவதில்லை. சாலையின் எதிர்ப்புறத்தில் நின்றுகொண்டு, ஒரு வாகனம் எவ்வளவு வேகத்தில், எவ்வளவு நெருக்கம் வரை வர முடியும் என்பதைத்தான் முதலில் பார்ப்பார். சாலை, மதில், வாசல், உள்கூடம், அதற்கும் உள்ளே தலைமை அலுவலரின் அறை என்று வளையம் வளையமாகக் காவலை அமைப்பதே எங்கும் உள்ள முறை. எந்த ஒரு வளையமும் வருகிறவனை அடியோடு தடுத்துவிடும் என்று யாரும் நம்புவதில்லை. அடுத்த வளையத்தில் நிற்பவருக்குச் சில விநாடிகளையோ நிமிடங்களையோ ஈட்டித் தருவதுதான் அதன் பணி. கேமரா தன்னளவில் எவரையும் நிறுத்தாது. அது ஒருவனைக் கண்டுகொள்ளும் கணத்துக்கும் ஆயுதப்படைக் காவலர் ஓடி வந்து சேரும் கணத்துக்கும் நடுவே ஒரு கதவோ தடுப்போ தாக்குப் பிடிக்காவிட்டால், பதிவான காட்சி பிற்பாடு வழக்குக்கு மட்டுமே உதவும்.

இதற்கு 2011 ஜூலை 22 அன்று நார்வேயின் ஆஸ்லோ நகரில் நடந்ததைவிடத் தெளிவான சான்று கிடையாது. அரசின் தலைமை அலுவலக வளாகத்தில், பிரதமர் அலுவலகம் இருந்த உயர்ந்த கட்டடத்தின் நுழைவாயிலுக்கு நேர் முன்பாக ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. அதை ஓட்டி வந்தவன் காவலர் உடை போன்ற உடையில் இறங்கி நடந்து போய்விட்டான். ஏறத்தாழ எட்டு நிமிடங்கள் அந்த வேன் அங்கேயே நின்றது. வளாகத்தில் கேமராக்கள் இருந்தன, அவற்றைப் பார்க்க ஆட்களும் இருந்தனர். தவறான இடத்தில் நின்ற அந்த வண்டி அவர்கள் கவனத்துக்கும் வந்துவிட்டது. அது யாருடையது என்று அவர்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே வெடித்தது, எட்டுப் பேர் இறந்தனர். அந்த வளாகத்தை ஒட்டிய தெருவை வாகனப் போக்குவரத்துக்கு மூட வேண்டும் என்ற பரிந்துரை 2004ஆம் ஆண்டிலேயே அளிக்கப்பட்டிருந்தது. ஒப்புதலும் கிடைத்திருந்தது, வேலைதான் முடியவில்லை. ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டிருந்த நடவடிக்கைகளை நிறைவேற்றியிருந்தாலே அத்தாக்குதலைத் தடுத்திருக்க முடியும் என்று 2012இல் விசாரணை ஆணையம் எழுதியது. உங்கள் குழுவினர் "ஒன்றும் நடக்கவில்லையே" என்று சொல்லும்போது, அந்தத் தெரு திறந்து கிடந்த ஏழு ஆண்டுகளிலும் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்பதை நினைவூட்டலாம்.

அதிகாரிகளின் கார்களைப் பற்றிய வருத்தம் எனக்குப் புரிகிறது. "எங்கள் வண்டியில் எவன் குண்டு வைப்பான்" என்று கேட்பார்கள். இங்கே கவலை அவர்களுடைய வண்டியைப் பற்றியதன்று. அவர்களுடைய வண்டியைப் போன்றே தோன்றும் இன்னொரு வண்டியைப் பற்றியது. 2001 டிசம்பர் 13 அன்று இந்திய நாடாளுமன்ற வளாகத்துக்குள் நுழைந்தது உள்துறை அமைச்சகத்தின் போலி ஒட்டுவில்லை பதித்த வெள்ளை அம்பாசிடர் கார். அந்தக் காலத்தில் அரசு வண்டி என்றாலே வெள்ளை அம்பாசிடர்தான் என்பதால், மரியாதையே நுழைவுச் சீட்டாகிவிட்டது. உள்ளே குடியரசுத் துணைத் தலைவரின் வாகன அணியில் நின்ற காரின் மீது அது மோதிய பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. வாயிலொன்றில் பணியில் இருந்த மத்திய ரிசர்வ் காவல் படைக் காவலர் கமலேஷ் குமாரி, கையில் ஆயுதமில்லாத நிலையிலும் மற்றவர்களை எச்சரித்து, குண்டடிபட்டு உயிர்நீத்தார். நாடாளுமன்ற ஊழியர்கள் அடுத்தடுத்துக் கட்டடத்தின் கதவுகளை அடைத்ததால்தான், உள்ளே இருந்த நூற்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்களை ஐந்து தீவிரவாதிகளும் நெருங்க முடியவில்லை. வெளி வளையம் ஏமாந்தது, உள் வளையம் காப்பாற்றியது. ஒன்பது பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பதில் (கட்டமைப்புப் பொறியாளர்)

மேலே சொன்னதற்குப் பொறியியல் காரணம் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வெடிப்பின் அழுத்தம் தூரத்தோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை. தூரம் இரட்டித்தால் அழுத்தம் பாதியைவிட மிகக் கீழே போய்விடும். எனவே ஒரு சுவரை இரு மடங்கு கனமாகக் கட்டுவதைவிட, வண்டியைச் சில மீட்டர் தள்ளி நிறுத்துவது மலிவானது, பயனும் கூடுதல். அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் 1995 ஏப்ரல் 19 அன்று ஒன்பது மாடி கொண்ட மத்திய அரசு அலுவலகத்தின் முன் வெடிபொருள் ஏற்றிய வாடகை டிரக் ஒன்று நின்ற இடம், முகப்புத் தூணிலிருந்து சில மீட்டர் தொலைவுதான். அக்கட்டடத்தின் முகப்பில் மேல்தளத் தூண்களின் பாரம் முழுவதையும் மூன்றாம் தள மட்டத்தில் ஒரு பெரிய குறுக்கு விட்டம் தாங்கி, கீழே இருந்த சில தூண்களுக்கு மாற்றிக்கொடுத்தது. முகப்பு அகலமாகத் திறந்திருக்க வேண்டும் என்ற வடிவமைப்புக்காக அப்படிக் கட்டியிருந்தார்கள். கீழே மூன்று தூண்கள் போனதும் அந்த விட்டம் பிடிப்பிழந்தது, அதன் மேல் நின்ற தளங்கள் ஒன்றன்மீது ஒன்றாகச் சரிந்தன. இறந்த 168 பேரில் பெரும்பாலோர் வெடிப்பினால் நேரடியாக இறக்கவில்லை, சரிந்த தளங்களுக்கு இடையே சிக்கி இறந்தார்கள்.

அதன் பிறகே அந்நாட்டில் அரசுக் கட்டடங்களை ஐந்து பாதுகாப்பு நிலைகளாகப் பிரிக்கும் முறை வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அதற்கென அமைச்சகங்களுக்கு இடையிலான நிலையான குழு ஒன்றும் அமைந்தது. அங்கு நடைபெறும் பணி எவ்வளவு இன்றியமையாதது, கட்டடம் எதன் அடையாளமாகப் பார்க்கப்படுகிறது, எத்தனை பேர் இருக்கிறார்கள், பரப்பளவு எவ்வளவு, அதில் உள்ள அலுவலகங்களுக்கு இருக்கும் மிரட்டல் எத்தகையது என்பவற்றை வைத்தே நிலையைத் தீர்மானிக்கிறார்கள். உங்கள் அறிக்கையிலும் ஏறக்குறைய இத்தகைய மதிப்பீடு இருக்கும், கேட்டுப் பாருங்கள். சின்னஞ்சிறு கிளை அலுவலகத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் ஒரே மாதிரி இரும்புத் தடுப்பு போடுவது பணத்தை வீணாக்கும் வேலை.

இன்னொன்று, கண்ணாடி. வெளியே குண்டு வெடிக்கும்போது மிகுதியான காயங்களுக்குக் காரணம் பறந்து வரும் கண்ணாடிச் சில்லுகளே. ஏற்கெனவே உள்ள ஜன்னல்களில் சில்லுகளைப் பிடித்து நிறுத்தும் பிலிம் ஒட்டலாம். புதிதாகப் போடுவதாக இருந்தால் லேமினேட்டட் கண்ணாடி (இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது) நல்லது. பூந்தொட்டிகளை வாகனத் தடுப்பாக வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தரைக்குள் ஆழமாக அடித்தளம் இல்லாத தொட்டியை ஒரு கனரக வண்டி முன்னே தள்ளிக்கொண்டு போய்விடும். பார்வைக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கார் நிறுத்தத்தைப் பற்றிக் குழுவில் பேச இப்போது என்னிடம் காரணம் இருக்கிறது. பின்வாசல் விஷயத்தில்தான் தடுமாறுகிறேன். அடையாள அட்டை உள்ள ஊழியரை ஸ்கேனர் வழியாக அனுப்புவதால் காலையில் வரிசை நீளும், வேலை தாமதமாகும் என்கிறார்கள். முன்வாசலில் நிற்கும் காவலர்களே சில நேரங்களில் திரையைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். அடிக்கடி வரும் வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல்களுக்கு ஒவ்வொரு முறையும் எல்லோரையும் வெளியேற்ற வேண்டுமா என்பதும் குழுவில் எழுந்த கேள்வி.

பதில் (பாதுகாப்புப் படைப் பயிற்றுநர்)

வாசலில் நிற்பவர்களுக்குப் பயிற்சி அளிப்பவன் என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். ஸ்கேனர் திரையைப் பார்ப்பது உட்கார்ந்து செய்யும் வேலைதான், ஆனால் களைப்பூட்டும் வேலை. ஆயிரம் பைகளில் ஒன்றில்கூட எதுவும் இருக்காது என்பது மனத்துக்குப் பழகிவிட்டால், கண் பார்க்கும், மூளை பார்க்காது. ஆகவே விமான நிலையங்களில் செய்வதைப் போல ஏறத்தாழ இருபது நிமிடங்களுக்கு ஒரு முறை திரைக்கு முன் இருப்பவரை மாற்றிவிட வேண்டும். முன்னறிவிப்பின்றிச் சோதனைப் பொருள் ஒன்றைப் பையில் வைத்து அனுப்பிப் பார்ப்பதும் அவசியம். அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அமைப்பு இதை அவ்வப்போது செய்கிறது. 2009இல் உயர்பாதுகாப்பு வாய்ந்த பத்து அரசுக் கட்டடங்களில் முயன்று பத்திலும் வெடிகுண்டின் பாகங்களை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். 2024இல் வெளியான மற்றொரு சோதனையில் தடியும் மிளகுத் தெளிப்பானும் போன்ற பொருள்களை ஒப்பந்தக் காவலர்கள் ஏறக்குறையப் பாதித் தடவை கவனிக்கத் தவறினார்கள். ஒப்பந்த நிறுவனத்தைத் திட்டுவதைவிட, சோதனையை அடிக்கடி நடத்துவதும், தவறியவரைத் தண்டிக்காமல் மறுபடி பயிற்றுவதும்தான் பலன் தரும் என்பது என் கருத்து.

வாசலில் நான் முதலில் கவனிப்பது மேசை எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதை. பல கட்டடங்களில் சோதனை மேசை உள்கூடத்துக்குள், மின்தூக்கிக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கே ஒருவனிடம் துப்பாக்கியைக் கண்டுபிடித்தால், கண்டுபிடித்த நேரத்தில் அவன் ஏற்கெனவே கட்டடத்துக்குள் இருக்கிறான். 1998 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் இரண்டு காவலர்கள் கொல்லப்பட்டது இப்படித்தான், வாசலுக்கு உட்புறம் இருந்த சோதனை இடத்தில் தொடங்கியது. பார்வையாளர்களைக் கட்டடத்துக்கு வெளியே, நிலத்தடியில் அமைந்த தனிக் கூடத்தில் சோதித்து அனுப்பும் ஏற்பாடு அங்கே 2008இல்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. உங்களிடம் அவ்வளவு பணம் இருக்காது. வாசலுக்கு வெளியே கூரை போட்டு, மேசையை அங்கே நகர்த்தி, சோதிப்பவருக்குச் சில அடி பின்னால் எந்தப் பையையும் தொடாத ஒருவரை நிறுத்தினால் போதும். அந்த இரண்டாமவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. வழி கேட்பவருக்குப் பதில் சொல்வது, பதிவேட்டில் எழுதுவது, தொலைபேசியை எடுப்பது எல்லாம் அவருடைய பணிகள் அல்ல. நடைமுறையில் முதலில் அவரைத்தான் வேறு வேலைக்கு அழைத்துக்கொள்வார்கள், கவனியுங்கள்.

பின்வாசலைப் பொறுத்தவரை, அட்டை என்பது ஒருவர் யார் என்பதைச் சொல்லும். அவர் பையில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. அட்டையைக் காட்டி ஒருவர் நுழையும்போது, கதவு மூடும் முன் அவர் பின்னால் இன்னொருவர் ஒட்டிக்கொண்டு வந்துவிடுவது அன்றாடம் நடப்பது. பெரும்பாலும் மரியாதைக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் நம் ஊழியரே. அட்டையின் நம்பகம் எவ்வளவு எளிதில் கடனாகக் கிடைக்கும் என்பதற்கு 2023 டிசம்பர் 13 சான்று: நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பரிந்துரையில் கிடைத்த பார்வையாளர் அனுமதிச் சீட்டோடு வந்தவர்கள், காலணிக்குள் மறைத்துவைத்த புகைக்குப்பிகளோடு மக்களவைக்குள் குதித்தார்கள். அதன் பின்னர் 2024 மே மாதம் அவ்வளாகத்தின் பாதுகாப்பு மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையிடம் போனது. காலை வரிசை நீளும் என்பது உண்மையான சிரமம்தான். ஊழியருக்குத் தனி வரிசையும், அலுவலக நேரத்தைக் கால் மணி இடைவெளியில் பிரிப்பதும் அதைச் சமாளிக்கும்.

மிரட்டல் மின்னஞ்சலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் உடனே எல்லோரையும் வெளியேற்ற வேண்டும் என்ற விதி கிடையாது. தகவலைக் காவல் துறைக்குத் தெரிவித்து, அவர்களுடைய மதிப்பீட்டின்படி முடிவெடுக்க வேண்டும். தேடும் பணியில் மோப்ப நாயும் வெடிகுண்டு நிபுணரும் வருவதற்கு முன்பே ஊழியர்களால் உதவ முடியும். தங்கள் மேசைக்குக் கீழே நேற்று இல்லாத ஒரு பை இன்று இருக்கிறதா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் அதைத் தொடாமல் சொன்னால் போதும். வெளியே கூடும் இடம் எப்போதும் ஒன்றாகவே இருப்பது ஆபத்து, கார்கள் நிற்கும் இடத்தின் நடுவே இருப்பது அதைவிட ஆபத்து. அவ்விடத்தையும் தேடிப் பார்த்த பிறகே மக்களை அங்கே அனுப்ப வேண்டும்.

பதில் (வழக்கறிஞர்)

எல்லோரும் வாசலையும் தூணையும் பற்றிப் பேசுகிறீர்கள். ஆனால் பெரும் தோல்விகள் பலவற்றில் இல்லாமல் போனது சுவரன்று, "உத்தரவிடுவது யார்" என்ற கேள்விக்கான விடை. 2014 அக்டோபரில் கனடாவின் ஒட்டாவாவில் துப்பாக்கியோடு ஒருவன் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் ஓடியபோது, வெளி மைதானம் ஒரு காவல் படையின் பொறுப்பிலும், உள்ளே இரு அவைகள் தனித்தனிப் பாதுகாப்புப் பிரிவுகளின் பொறுப்பிலும் இருந்தன. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் எல்லாவற்றையும் ஒரே அமைப்பின்கீழ் கொண்டுவந்தார்கள். 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்தின் ஜன்னலை உடைத்து நுழைந்தது பிற்பகல் இரண்டு மணியைச் சற்றுக் கடந்த வேளையில். உதவிக்கு வரும் ராணுவத் துணைப்படையான தேசியக் காவற்படை வந்து சேர்ந்தது மாலை ஐந்து மணிக்குப் பிறகு. அந்தப் படையைத் தாமாக அழைக்கும் அதிகாரம் அக்கட்டடத்தின் காவல் தலைவருக்கு அன்று இல்லை, ஒரு வாரியத்தின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. அதே ஆண்டு இறுதியில் சட்டத்தைத் திருத்தி அந்த அதிகாரத்தை அவருக்கே கொடுத்தார்கள். உங்கள் வளாகத்திலும் தனியார் காவலர், உள்ளூர்க் காவல் நிலையம், கட்டடப் பராமரிப்புத் துறை என்று மூன்று பேர் இருப்பார்கள். வாசலை அடைக்கச் சொல்லும் அதிகாரம் இவர்களில் யாருக்கு என்று எழுத்தில் இருக்கிறதா?

மற்றொன்று போராட்டம். மனு கொடுக்க வருபவரும் முழக்கமிட வருபவரும் அரசுக் கட்டடத்தின் இயல்பான வருகையாளர்கள். ஓய்வுபெற்ற அதிகாரி சொன்ன வளைய முறையில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது: வெளி வளையத்தை அகலப்படுத்திக்கொண்டே போனால், ஒரு நாள் மக்கள் கோரிக்கை வைக்கும் இடமே கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விடும். தடை வாகனத்துக்கு இருக்கட்டும், நடந்து வருபவருக்கு வேண்டாம் என்று குழுவில் வலியுறுத்துங்கள்.

பதில் (ஓய்வுபெற்ற காவல் அதிகாரி)

வழக்கறிஞர் சொன்ன கடைசி வரியோடு எனக்கு முரண்பாடு இல்லை. நல்ல வாகனத் தடுப்பு என்பது, நடந்து போகிறவர் அது இருப்பதையே கவனிக்காமல் கடந்து போகக்கூடியதாக இருக்க வேண்டும். கம்பங்களுக்கு இடையே சக்கர நாற்காலி செல்லும் அகலமும் வேண்டும். ஆனால் கூட்டம் கூடும் நாளில் என்ன செய்வது என்பதை அந்த நாளிலேயே தீர்மானிக்கக் கூடாது. எந்த இடம் வரை வரலாம் என்பதைப் போராட்டக்காரர்களோடு முன்கூட்டியே பேசி, அந்த எல்லையை இரு தரப்பும் ஒப்புக்கொள்வதுதான் தடியடியைத் தவிர்க்கும்.

எழுத்தில் இருப்பதும் நடப்பில் இருப்பதும் ஒன்றா என்பதையும் குழு பார்க்க வேண்டும். லண்டனில் 2017 மார்ச் 22 அன்று நாடாளுமன்றத்தின் வண்டி வாசலில் கீத் பால்மர் என்ற காவலர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டபோது, அவரிடம் துப்பாக்கி இல்லை. அந்த வாசலுக்கு அருகே ஆயுதம் தாங்கிய காவலர்கள் இருக்க வேண்டும் என்ற பணியிட அறிவுறுத்தல் நடைமுறையில் இருந்தது. அவர்கள் வேறு பகுதியில் ரோந்து சென்றுகொண்டிருந்தார்கள். தாக்கியவனைச் சுட்டது தற்செயலாக அங்கிருந்த ஓர் அமைச்சரின் மெய்க்காவலர். ஆயுதக் காவலர்கள் வாசலருகே நின்றிருந்தால் பால்மரின் மரணத்தைத் தடுத்திருக்கக்கூடும் என்று 2018இல் மரண விசாரணையில் முடிவானது. எனவே உங்கள் வளாகத்தில் ஒவ்வொரு பாரா இடத்துக்கும் எழுதப்பட்ட அறிவுறுத்தல் இருக்கிறதா, அது கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, இன்று அங்கே நிற்பவர் அதைப் படித்துக் கையொப்பமிட்டிருக்கிறாரா என்று கேளுங்கள்.

பின்வாசல் குறித்து என் யோசனை ஒன்றே. அடுத்த திங்கட்கிழமை முதல் அலுவலகத் தலைவர் முன்வாசல் வழியாக வந்து, தம் பையை ஸ்கேனரில் வைத்துவிட்டு நடந்து போகட்டும். அவருடைய காரையும் முதலில் நகர்த்தச் சொல்லுங்கள். அவர் இதற்கு ஒப்புக்கொண்ட பிறகு மற்றவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினால், நீங்கள் குழுவில் வாதாட வேண்டிய நேரம் பெருமளவு குறையும்.